ஐந்து கட்டை உறுமலும் ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பியும்

குன்னத்தூரில் இருந்துகொண்டு எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவனுக்கு முதல் பகை கரண்ட்தான். செங்கப்பள்ளி வழியில் போனாலும் பெருந்துறை வழியில் போனாலும் கோபி வழியில் போனாலும் எங்காவது ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். விசைத்தறி, பனியன் கம்பெனித் தையல் மெஷின், கிணற்று மோட்டார், மாவு மில். ஒற்றைக் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பூட்டிய கிடாரை ஆம்ப்பில் செருகிச் சத்தத்தை ஏற்றினால், தந்தியைத் தொடும் முன்பே ஒரு சுருதி கேட்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறுகிறதே, அதன் சுருதி அது. பாட்டுக்காரர்கள் கணக்கில் சொன்னால் ஐந்து கட்டை. சுத்தமான ஐந்து கட்டை, கீழ் ஸ்தாயியில், 49 ஹெர்ட்ஸ். மின்சாரம் அதைவிட அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூக்கலாக நிற்கிறது. ஐந்து கட்டைப் பாட்டுக்கு அது பாதி மறைந்துவிடும். பாடகர் ஐந்தரைக்குப் போனாரோ, அன்று முழுக்க ஒரு அபசுரம் பின்னாலேயே வரும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இந்த உறுமல் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே எங்கேயோ விழுகிறது. கிடார் பிக்கப்பைப் பற்றி அங்கே எழுதப்படுவதை அப்படியே எடுத்துக்கொண்டு நம் மேடைக்கு வர முடியாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இந்த உறுமலை அடக்க வந்ததுதான் ஹம்பக்கர். இரண்டு காயில், அடியில் ஒரு காந்தம். அந்தக் காந்தத்தின் வடமுனை ஒரு காயிலின் இரும்புக் கட்டைகளைத் தொடுகிறது, தென்முனை மற்றதன் திருகாணிகளைத் தொடுகிறது. இரண்டு காயிலும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின்காந்த உறுமலுக்கு இந்தக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை; அது இரண்டு காயிலிலும் ஒரே மாதிரி விழுந்து, எதிர் இணைப்பினால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. தந்தியின் அதிர்வு மட்டும் ஒரு பக்கம் வடமுனையையும் மறுபக்கம் தென்முனையையும் அசைப்பதால், ஏற்கெனவே எதிராக இருப்பது மறுபடியும் எதிராகி, கடைசியில் கூடிவிடுகிறது. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் மின்சாதனங்களில் அதிகம் பார்த்ததில்லை.

இந்த யோசனை ஒரே ஆளுடையது அல்ல. 1930களிலேயே அமெரிக்காவில் இரட்டைக் காயில் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டிருக்கிறார்கள். 1950களின் நடுவில் இரண்டு பேர் தனித்தனியாக அதை முழுமைக்குக் கொண்டுவந்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த ரே பட்ஸ், செட் அட்கின்ஸ் என்ற கிடார் கலைஞருக்காகச் செய்தது, பிறகு கிரெட்ச் கிடார்களில் ஃபில்டர்ட்ரான் என்ற பெயரில் வந்தது. மிச்சிகனில் கலமாசூ ஊரின் கிப்சன் தொழிற்சாலையில் வேலை பார்த்த செத் லவர், ஆம்ப்புக்குள் உறுமலைக் குறைக்க இரட்டைக் காயில் சோக் செய்து பழகியவர். டியூப்லைட்டில் நமக்குத் தெரிந்த அந்தச் சோக்தான். அதே வேலையைத் தந்திக்கு அடியிலும் செய்யலாமே என்று நினைத்தார். 1955 ஜூன் 22 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959 ஜூலை 28 அன்றுதான் கிடைத்தது. 1957 முதல் லெஸ் பால் கிடாரில் அவருடைய பிக்கப் வந்தது. காப்புரிமை கைக்கு வராத அந்த இடைக்காலத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று அடியில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளான 'பி.ஏ.எஃப்.' என்பதுதான் இன்றுவரை ஹம்பக்கர் உலகின் உரைகல். புதிதாக வரும் எதையும் அதோடு உரசிப் பார்த்துத்தான் மதிப்புச் சொல்கிறார்கள்.

எங்கள் பகுதிக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. கலமாசூவில் அந்தக் காயில்களைச் சுற்றிய மெஷின்களில் பேர்போனது லீசோனா 102. அதைச் செய்த ரோட் ஐலண்ட் கம்பெனியின் பழைய பெயர் யுனிவர்சல் வைண்டிங் கம்பெனி. நூலைக் கோனில் சுற்றும் மெஷின்தான் அவர்களுடைய பிழைப்பு. நிட்டிங் மெஷினுக்கு மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கும் கோன்களை நாம் தினமும் பார்க்கிறோம். நூல் அறாமல், இழுவிசை மாறாமல், குறுக்கும் நெடுக்குமாக நகர்ந்து சுற்றும் அந்த வித்தையைத்தான் அவர்கள் தாமிரக் கம்பிக்கும் கொண்டுபோனார்கள். ராக் இசையின் மிகப் பெரிய ஒலிகள் பிறந்த காயில்கள், நூல் சுற்றத் தெரிந்தவர்கள் செய்த மெஷினில் சுற்றப்பட்டவை. சீமோர் டங்கன் கம்பெனி, பழைய பாணிப் பிக்கப்புகளைச் சுற்ற, அந்தக் கலமாசூ ஆலையிலிருந்தே வந்த ஒரு லீசோனாவை இன்றும் ஓட்டுகிறது.

இனி கேள்விக்கு வருகிறேன். எந்த ஹம்பக்கர் எப்படிப் பேசும், ஏன்? கிடார்க் கடையில் இதைக் கேட்டால் முதலில் வருவது ஒரு எண். "இது எட்டு கிலோ ஓம், விண்டேஜ் டோன். இது பதினாறு, ஹெவியா இருக்கும்." வாங்க வருகிறவரும் மோட்டார் குதிரைத்திறனைக் கேட்பதுபோல அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு போகிறார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிக்கப்பின் குரலைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண் இந்த மின்தடைதான். அளப்பதற்கு எளிது என்பதால் அது முன்னால் வந்து நிற்கிறது.

பி.ஏ.எஃப். வகையில் ஒரு காயிலுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று. கம்பி அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ். நம் கடைகளில் கேட்கும் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 46க்குப் பக்கம். கனம் 0.063 மில்லிமீட்டர். 30ஸ் கவுண்ட் பருத்தி நூலின் கனத்தில் பாதிகூடக் கிடையாது. இரண்டு காயிலும் சேர்ந்து எட்டு கிலோ ஓம் என்றால் உள்ளே கிட்டத்தட்ட 1,470 மீட்டர் கம்பி இருக்கிறது. எடை நாற்பது கிராம் சொச்சம். நீளத்துக்கு எடை என்ற நூல் கணக்கில் போட்டுப் பார்த்தால் அது 20ஸ், 21ஸ் கவுண்டுக்கு வருகிறது. டி-ஷர்ட் துணிக்குப் போகும் நூலின் எடைதான். ஆனால் கண்ணுக்கு முடி போலத் தெரியும். தாமிரத்தின் அடர்த்தி அப்படி.

அதே 5,000 சுற்றை 44 கேஜ் கம்பியில் சுற்றினால் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். சுற்று கூடவில்லை, காந்தம் மாறவில்லை. எண் மட்டும் மிரட்டும். சீமோர் டங்கனின் ஜேபி மாடல் 16 கிலோ ஓமை ஒட்டியது. லாரி டிமார்சியோ 1972இல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் 13 சொச்சம். எண்ணை நம்பினால் ஜேபி தடித்துப் பேச வேண்டும். காதுக்கு நேர்மாறாக இருக்கிறது. சூப்பர் டிஸ்டார்ஷன் நடுச்சுரங்களில் பருத்து, ஆம்ப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஜேபி மேல்நடுவில் கூர்மையாகக் கடிக்கிறது.

இன்னொன்று. தாமிரத்தின் மின்தடை ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.39 சதவீதம் ஏறும். ஏசி போட்ட கடையில் 22 டிகிரியில் 8.0 காட்டிய பிக்கப், சித்திரை மாதம் குன்னத்தூர் ஓட்டு வீட்டில் 38 டிகிரியில் 8.5 காட்டும். நான் காலையிலும் மத்தியானத்திலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் வந்தது. 8.0 ஒரு மாடல், 8.5 இன்னொரு மாடல் என்று விலை வைத்து விற்கிற உலகத்தில், நம் வெயிலே ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடுகிறது. டோன் மட்டும் அப்படியே இருக்கிறது.

பின் எது பேசுகிறது? காயிலின் இண்டக்டன்ஸும் அதோடு சேரும் கெப்பாசிட்டன்ஸும். பிளஸ் டூ இயற்பியலில் மின்தூண்டல் எண், மின்தேக்குத்திறன் என்று படித்தவைதான். இரண்டும் சேரும் இடத்தில் ஒத்ததிர்வு வரும். அந்த அதிர்வெண்ணில் பிக்கப்பின் குரல் ஒரு மேடு கட்டி, அதற்கு மேலே சடாரென்று சரிந்துவிடும். மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு கூராக நிற்கிறது என்பதுதான் நாம் டோன் என்று சொல்வதில் பெரும் பகுதி. கெப்பாசிட்டன்ஸ் பெரும்பாலும் பிக்கப்பிலிருந்து வருவதில்லை. அது கிடாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிளில் இருக்கிறது, மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.ஏ.எஃப். வகைக்கு இண்டக்டன்ஸ் 4.4 ஹென்றி, காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிக்கோஃபாரட், கேபிள் ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேடு 3,100 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். தெளிவும் இனிமையும் சேர்ந்த இடம் அது. ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு 2.4 ஹென்றி என்றால் அதே கேபிளில் 4,200க்குப் போய்விடும். அந்தக் கண்ணாடிச் சத்தம் அங்கிருந்து வருகிறது. சுற்று கூடிய பிக்கப்புக்கு 8 ஹென்றி என்றால் மேடு 2,300க்கு இறங்கும். தடித்த, கொஞ்சம் மூக்கடைத்த குரல்.

இப்போது பிக்கப்பை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றுவோம். கோயில் நோம்பி மேடையில் ஆம்ப் ஒரு மூலையிலும் நாம் ஒரு மூலையிலும் நிற்போம். பத்து மீட்டர் கேபிள் சாதாரணம். 4.4 ஹென்றிப் பிக்கப் பத்து மீட்டர் கேபிளில் ஏறத்தாழ 2,290 ஹெர்ட்ஸில் மேடு கட்டும். அதாவது ஐந்து மீட்டர் கேபிளில் 8 ஹென்றிப் பிக்கப் நிற்கும் அதே இடம். எத்தனையோ ஆயிரம் செலவழித்து வாங்கிய "விண்டேஜ்" பிக்கப்பை, மைக்செட்காரர் கொடுத்த நீளக் கேபிள் ஒரு நொடியில் "ஹெவி" ஆக்கிவிடுகிறது. சத்தம் கூடாது, ஆனால் திறப்பு போய்விடும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளும் வரை நான் வீட்டில் நன்றாகப் பேசும் கிடார் மேடையில் ஏன் அடங்கிப் போகிறது என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன். மழை, ஈரம், பழைய தந்தி என்று எதையெதையோ காரணம் சொல்லியிருக்கிறேன். மூன்று மீட்டர் கேபிளில் ஒரு பஃபர் பெடலுக்குப் போய், அங்கிருந்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போனால் இது தீர்ந்தது.

வால்யூம் கண்ட்ரோலும் இதில் சேர்த்தி. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுவது வழக்கம். 250 போட்டால் அந்த மேடு அமுங்கிவிடும். விலை குறைந்த கிடார்களில் எது இருக்கிறது என்று பின்மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஹம்பக்கருக்கே உரிய இன்னொரு குணமும் உண்டு. இரண்டு காயிலும் தந்தியை இரண்டு இடத்தில் கேட்கின்றன, நடுவே சுமார் 18 மில்லிமீட்டர் இடைவெளி. அதிர்வின் அலை எப்போது சரியாக அந்த இடைவெளியின் இரு மடங்காக வருகிறதோ அந்தச் சுரத்தில் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கிப்சன் நீளத் தந்தியில் அது 35ஆம் மேற்சுரம். தடித்த ஈ தந்தியில் 2,900 ஹெர்ட்ஸ் அருகே வரும், காதுக்கு நன்றாகத் தெரியும். மெல்லிய ஈ தந்தியில் 11,000க்கு மேல் போய்விடும். கிடார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000க்கு மேலே பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஆகவே ஹம்பக்கர் தடித்த தந்திகளை மட்டும் சற்று மழுக்குகிறது. "ஹம்பக்கர்னா மழுங்கல்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான்.

காந்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆல்நிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகம். 2, 3, 4, 5 என்று வகைகள். கலமாசூவில் 1950களின் கடைசியில் எது கைக்குக் கிடைத்ததோ அதைப் போட்டார்கள். 1960களின் தொடக்கத்தில்தான் 5 நிலைத்தது. இரண்டாம் எண் மென்மை, ஐந்தாம் எண் இறுக்கம், செராமிக் கூர்மை என்பது பொதுவான வாக்கு. நான் ஒரே பிக்கப்பில் 2ஐயும் 5ஐயும் மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். மாற்றியதும் வித்தியாசம் தெரிகிறது. பிறகு 2 போட்டதைத் தந்திக்குச் சற்று அருகே தூக்கி, சத்தத்தைச் சமமாக்கினால், முக்கால்வாசி வித்தியாசம் மறைந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் கால்வாசி உண்மைதான், விரல் உணர்கிறது. ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர் உணரமாட்டார். பிக்கப்பின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றுவது காந்தத்தை மாற்றுவதற்குச் சமம். அதற்கு ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.

காந்தம் செய்யும் பெரிய மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. பீட்டர் கிரீன் என்ற கிடார் கலைஞரின் லெஸ் பாலில் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று கழித்து, மூக்கால் பாடுவதுபோல் ஒரு மெல்லிய, அழுகிற குரல் வரும். அந்தக் குரலுக்காகவே உலகம் அந்தக் கிடாரைத் தேடியது. பின்னாளில் அது கேரி மூரிடமும், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடமும் போயிற்று. காந்தத்தின் ரகம் அதில் ஒரு வேலையும் செய்யவில்லை. திசைதான் செய்தது.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிக்கப்பின் மேல் போடும் உலோக மூடியில் சுழல் மின்னோட்டம் உண்டாகி மேற்சுரங்களைத் தின்னும். பித்தளை மூடி நிறையத் தின்னும். செத் லவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மன் சில்வர், பூசைத் தட்டுகளில் நாம் பார்க்கும் அதே தாமிர-நிக்கல்-துத்தநாகக் கலவை. மின்சாரத்தை அது சுமாராகத்தான் கடத்தும் என்பதே அதன் சிறப்பு. மலிவுக் கிடாரில் டோன் செத்துக் கிடந்தால் பிக்கப்பையே மாற்றுவதற்கு முன் மூடியைக் கழற்றிக் கேட்டுப் பாருங்கள். சிலசமயம் அங்கேயே முடிந்துவிடும்.

'ஆக்டிவ்' எனப்படும் செயல்வகைப் பிக்கப்புகள் தனிக் குடும்பம். ராப் டர்னர் 1976இல் தொடங்கிய இஎம்ஜி கம்பெனியின் 81 மாடல், செராமிக் காந்தமும் குறைந்த சுற்றுக் காயிலும் உள்ளேயே ஒரு சிறிய பிரீஆம்ப்பும் கொண்டது. ஒன்பது வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிளின் நீளம் அதை ஒன்றும் செய்ய முடியாது. 2014இல் வந்த ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸில் சுற்றிய காயிலே கிடையாது. சர்க்யூட் போர்டுகளில் அச்சடித்த சுருள்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். உறுமல் அடக்குவதில் இவை முதல் வரிசை. குரல் எனக்குக் கொஞ்சம் சலவை செய்ததுபோல் இருக்கிறது. டிஸ்டார்ஷன் பாட்டுகளுக்குக் கேட்கவே வேண்டாம், அருமை.

நம் ஊரில் கிடார் எதற்கு வாசிக்கப்படுகிறது என்பதைக் கணக்கில் எடுக்காத எந்த ஒப்பீடும் நமக்கு உதவாது. வெளிநாட்டு ஒப்பீடுகள் பெரும்பாலும் டிஸ்டார்ஷன் போட்டு அடித்துக் காட்டுபவை. டிஸ்டார்ஷன் ஏறினால் பிக்கப்பின் நுணுக்கங்களில் பாதி தேய்ந்துவிடும். இங்கே ஆர்கெஸ்ட்ராவில் கிடாரிஸ்ட் முதலில் செய்ய வேண்டியது இளையராஜா பாட்டின் இடையிசையைச் சுத்தமாக எடுப்பது. தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, தானே கிடார் வாசித்துப் பிழைத்தவர் எழுதிய கிடார் அது. ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்க வேண்டும், அடுத்த சுரத்தோடு குழையக்கூடாது. கீபோர்டின் நடுவிலும் தபேலாவின் மேலும் அது கேட்க வேண்டும். இதற்கு 16 கிலோ ஓம் என்று மார்தட்டும் பிக்கப் உதவவே உதவாது. சுற்றுக் குறைந்த, 4 ஹென்றியை ஒட்டிய பிக்கப்தான் வேண்டும்.

இன்னொரு தேவை கமகம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிடாரில் பிரசன்னா அதைச் செய்துவருகிறார். மின்கருவியில் கமகம் சாத்தியமாவதற்குக் காரணம், ஒரு மீட்டுக்குப் பிறகு நாதம் நீண்டு நிற்பதும், சத்தத்தை ஆம்ப் சுமந்துகொள்வதால் விரல் இலேசாக இருக்க முடிவதும்தான். கமகத்துக்கு என் காது கேட்பது கழுத்துப் பக்க ஹம்பக்கர், வால்யூம் எட்டில், தந்திக்கு அதிகம் நெருங்காமல். பிரிட்ஜ் பக்கம் போட்டால் ஜாரு இழுக்கும்போது விரல் ஃபிரெட்டில் உரசும் ஒலி சுரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஒரே பிக்கப்பைக் கழுத்துப் பக்கமும் பிரிட்ஜ் பக்கமும் மாற்றி வைத்தால் வரும் வேறுபாடு, ஒரே இடத்தில் இரண்டு கம்பெனிப் பிக்கப்பை மாற்றினால் வருவதைவிடப் பெரிது. இதைச் சொன்னால் பிக்கப் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒற்றைக் காயில் சத்தமும் வேண்டும் என்று ஹம்பக்கரைப் பாதியாக வெட்டும் சுவிட்ச் வைக்கிறார்கள். வெட்டியவுடன் ஐந்து கட்டை உறுமல் திரும்பி வந்துவிடும். அதற்குப் பதில் இரண்டு காயிலையும் பக்க இணைப்பில் போடுங்கள். இண்டக்டன்ஸ் நான்கில் ஒன்றாகிறது, மேடு 6,000 ஹெர்ட்ஸுக்குப் போகிறது, சத்தம் குறைந்து குரல் பளிச்சென்று ஆகிறது, உறுமலும் வராது. எங்கள் மேடைகளுக்கு இதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

ஹம்பக்கரால் ஆகாத வேலையையும் சொல்லியாக வேண்டும். காற்று வழியே காந்தப் புலமாக வருவதை மட்டும்தான் அது கழிக்கும். எர்த் சரியில்லாத மேடையில் லைன் வழியே வருவது, இன்வெர்ட்டர் டிரைவிலிருந்தும் மலிவு எல்இடி விளக்குகளிலிருந்தும் வரும் கரகரப்பு, இவற்றின் முன் அது செயலற்றது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் கோளாறு ஷீல்டிங்கிலும் எர்த்திலும் இருக்கிறது, பிக்கப்பை மாற்றிப் பயனில்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு காயிலில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் விழுவதால் ஹம்பக்கரும் உறுமும். நாம் கால் வட்டம் திரும்பி நின்றால் அடங்கும். ஒருமுறை சீரியல் செட் விளக்குகளுக்கு நடுவே ஜெனரேட்டரில் ஓடிய மேடையில், லோடு ஏறி இறங்க உறுமலின் சுருதியும் ஏறி இறங்கியது. அன்று ஒற்றைக் காயில் கிடாரோடு போயிருந்தேன். பாட்டு நிற்கும்போதெல்லாம் அது தனியாக ஆலாபனை செய்தது. அடுத்த மாதமே ஹம்பக்கர் கிடாருக்கு மாறினேன்.

அந்தக் கிடாரின் பிரிட்ஜ் பக்கப் பிக்கப் போன வருடம் ஊமையானது. ஒரு காயில் நாலு கிலோ ஓம் காட்டியது, மற்றது அறுந்திருந்தது. புதிது வாங்காமல் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து, 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்த காலத்திலிருந்து காயில் கட்டுவது கொங்கு நாட்டின் கைத்தொழில். எங்கள் பக்கத்துக் கடைவீதிகளில் வார்னிஷ் வாசம் இல்லாத இடம் குறைவு. கடைக்காரர் பாபினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இதென்னங்க கம்பி, சிலந்தி நூலாட்ட இருக்குது? ஃபேனுக்கே முப்பத்தாறு கேஜ்தானுங்க போடறோம்."

கம்பி வாங்கி வந்து கொடுத்தேன். தையல் மெஷின் மோட்டாரை ஒரு பலகையில் மாட்டி, கவுண்டரோடு கோத்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு துண்டுப் பனியன் துணியை வைத்துக் கம்பியை அதன் வழியே விட்டார். இழுவிசைக்கு அவர் கண்ட வழி அது. இரண்டு முறை 600 சுற்றிலும் 1,900 சுற்றிலும் அறுந்தது. இரண்டு முறையும் ஒட்டுப்போடச் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் முறை அவர் மூச்சுக்கூட மெதுவாக விட்டார். சுற்றி முடித்து, மோட்டார் காயிலுக்குச் செய்வதுபோல் வார்னிஷில் முக்கப் போனவரைத் தடுத்து, மெழுகு உருக்கி முக்கச் சொன்னேன். கம்பிகள் அசைந்தால் அதிகச் சத்தத்தில் பிக்கப் மைக்போல வீறிடும். மெழுகு அதைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் பிரிக்கவேண்டி வந்தால் உருகியும் வரும்.

மீட்டர் வைத்தபோது பழைய காயில் 4.0, புதியது 4.3 காட்டியது. நடுவில் எங்கேயோ கவுண்டர் நழுவி முந்நூறு நானூறு சுற்று கூடிவிட்டது. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கலமாசூவிலும் தானாக நிற்காத மெஷின்களில் இப்படித்தான் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் ஆயின என்றும், அந்தச் சமமின்மையால் உறுமல் துளி மிஞ்சினாலும் மேற்சுரங்கள் கொஞ்சம் திறந்து கேட்கும் என்று காதுள்ளவர்கள் சொல்வார்கள் என்றும் அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. கிடாரில் பூட்டி, கடையிலேயே என் சிறிய ஆம்ப்பில் மூன்று மீட்டர் கேபிளில் செருகினேன். பக்கத்துப் பட்டறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உறுமல் இருந்தது, காதை ஸ்பீக்கரில் வைத்தால் கேட்கும் அளவுக்கு. மேலே மூன்று தந்திகளும் முன்பு இருந்ததைவிடத் தெளிவாகப் பேசின.

"சரியா அஞ்சாயிரத்துக்கு மறுக்காச் சுத்தித் தரட்டுங்களா தம்பி? காசு வேண்டாமுங்க" என்றார்.

"வேண்டாமுங்கண்ணா, இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டை வாசித்தேன்.